பொதுச்சுவர் ஓவியம் (தமிழ்நாடு)

பொதுச்சுவர் ஓவியம் என்பது தெரு, பேருந்து நிலையம், தொடருந்து நிலையம், பள்ளி, அடுக்குமாடிக் குடியிருப்பு முதலியவற்றின் வெளிச்சுவரில், வழிப்போக்கர் அனைவரும் காணும்படி பேரளவில் தீட்டப்படும் ஓவியம் ஆகும். தமிழ்நாட்டில் கோயில் விதானங்களிலும் அரண்மனைச் சுவர்களிலும் ஓவியம் தீட்டும் வழக்கம் பல்லவர் காலத்திலிருந்தே காணப்படுகிறது. எனினும், குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஓவியமாக்கும் முறை, 2020 ஆம் ஆண்டு சென்னை கண்ணகி நகரில் நடைபெற்ற பணிகளுக்குப் பின்னரே இங்குப் பரவலாக அறியப்பட்டது.

இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையிலிருந்தும், சிதம்பரம், கடலூர் வட்டாரத்திலிருந்தும் தரப்படுகின்றன. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட விதான ஓவியம், தேர்தல் தோறும் மாறும் சுவர் எழுத்து, வண்ணத்தைத் தின்னும் கடற்காற்று ஆகிய மூன்றையும் ஒரு நாள் பயணத்தில் பார்த்துவிடக் கூடிய வட்டாரம் அது.

சொற்பயன்பாடு

தமிழில் சுவரோவியம் என்னும் சொல் சித்தன்னவாசல் ஓவியத்தையும் குறிக்கும், பள்ளி மதிலில் தீட்டப்பட்ட காந்தியின் உருவத்தையும் குறிக்கும். இவ்விரண்டுக்கும் நுட்பத்தாலும் நோக்கத்தாலும் வேறுபாடு பெரிது. ஆகவே இக்கட்டுரையில் வெளிச்சுவரில் தீட்டப்படுவது பொதுச்சுவர் ஓவியம் எனவும், கோயில், அரண்மனை ஆகியவற்றின் உள்ளே உள்ளது மரபுச் சுவரோவியம் எனவும் ஆளப்படுகின்றன. கட்சி, கடை, திரைப்படம் ஆகியவற்றுக்காகச் சுவரில் எழுதப்படுவது மக்கள் வழக்கில் சுவர் எழுத்து அல்லது சுவர் விளம்பரம் எனப்படுகிறது. உரிமையாளரின் இசைவின்றி, பெரும்பாலும் தெளிப்பு வண்ணத்தால், எழுத்துகளையும் உருவங்களையும் வரையும் 'கிராஃபிட்டி' முறை தமிழ்நாட்டில் மிகக் குறைவு. இதற்கு ஒரு காரணம், இங்குக் காலியான சுவர் கிடைப்பதே அரிது என்பதாகலாம்.

பின்னணி

ஓவியத்தைப் பலரும் கூடி நின்று பார்க்கும் காட்சி சங்க இலக்கியத்திலேயே உண்டு. திருப்பரங்குன்றத்தில் தீட்டப்பட்டிருந்த ஓவியங்களின் முன் நின்று, இது யார், அது யார் என வந்தவர்கள் வினவியதையும், இது காமன், இது இரதி, பூனை உருவில் ஓடுபவன் இந்திரன் என அறிந்தவர்கள் விளக்கியதையும் பரிபாடல் குறிப்பிடுகிறது. கதை தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லுதல் என்னும் இவ்வழக்கம் இன்றும் கோயில் மண்டபங்களில் காணக் கூடியதே.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் சித்திரகாரப்புலி என்னும் பட்டம் பூண்டிருந்தான். பல்லவர் கால ஓவியத்தின் எச்சங்கள் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலிலும், விழுப்புரம் மாவட்டம் பனைமலை தாளகிரீசுவரர் கோயிலிலும் எஞ்சியுள்ளன. குடை நிழலில் நிற்கும் பனைமலைத் தேவியின் உருவம் இவற்றுள் பெயர் பெற்றது.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் சோழர் கால ஓவியங்கள் வெளிவந்த வரலாற்றுக்குச் சிதம்பரத்தோடு தொடர்பு உண்டு. கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியப் பூச்சு உதிர்ந்த இடங்களில், அதன் அடியில் வேறோர் ஓவியம் இருப்பதை 1931 ஆம் ஆண்டு கண்டறிந்தவர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி ஆவார். அவ்வாறு வெளிப்பட்ட காட்சிகளுள் ஒன்று சிதம்பரத்தில் ஆடவல்லானை அரசனும் தேவியரும் வழிபடுவதாகும். மற்றொன்று, திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் ஓலையைக் காட்டிச் சுந்தரரைத் தம் அடிமை என வழக்காடும் காட்சி. மேலிருந்த நாயக்கர் ஓவியத்தை அழிக்காமல் அடியிலுள்ள ஓவியத்தை வெளிக்கொணர்வது எப்படி என்பது நெடுநாள் சிக்கலாக இருந்தது. பின்னர் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் வேதியியல் பிரிவினர், மேலடுக்கைப் பூச்சோடு பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தனர். ஒரே சுவருக்கு இரண்டு காலத்தவர் உரிமை கொண்டாடும்போது இருவருக்கும் இடம் கொடுக்க முடிந்தது இதுபோன்ற ஒரு சில இடங்களில் மட்டுமே. மற்ற இடங்களில் பின்வந்தவரின் சுண்ணாம்பே வென்றுள்ளது.

சிதம்பரம் சிவகாமியம்மன் கோயில் விதானம்

சிதம்பரம் நடராசர் கோயில் வளாகத்தில், சிவகங்கைக் குளத்துக்கு மேற்கே சிவகாமியம்மன் கோயில் அமைந்துள்ளது. இதன் முன்மண்டப விதானத்தில் 17 ஆம் நூற்றாண்டு நாயக்கர் பாணி ஓவியங்கள் உள்ளன. தாருகாவனத்தில் சிவன் பிச்சைத் தேவராகவும் திருமால் மோகினியாகவும் வந்த கதையும், மாணிக்கவாசகர் வரலாறும் இவற்றில் இடம்பெறுகின்றன. தில்லைத் தலபுராணத்தில் தாருகாவனக் கதை இடம்பெறுவதால், அக்கதை இங்குத் தீட்டப்பட்டது பொருத்தமானதே. கலை வரலாற்றாளர் சி. சிவராமமூர்த்தி தென்னிந்திய ஓவியங்கள் பற்றி 1968 இல் எழுதிய நூலில் இவ்வோவியங்களையும் எடுத்துரைத்துள்ளார்.

நாயக்கர் கால ஓவியத்தின் அமைப்பு தனித்தன்மை உடையது. விதானம் நீண்ட பட்டைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பட்டையிலும் கதை இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ ஓடுகிறது. ஒரே ஆள் அடுத்தடுத்த காட்சிகளில் திரும்பத் திரும்ப வருவார். காட்சியின் கீழே ஒரு வரி விளக்கம் எழுதப்படும் வழக்கமும் உண்டு. சிவப்புப் பின்னணி, கறுப்புக் கோட்டில் அழுத்தமாக வரைந்த உருவங்கள், பக்கவாட்டில் காட்டப்படும் முகம், கண்ணைக் கவரும் துணி வடிவங்கள் ஆகியன இப்பாணியின் அடையாளங்கள். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து அயல்நாடுகளுக்குச் சென்ற அச்சுத் துணிகளின் வடிவங்களை அறிய விரும்புவோருக்கு இக்காலத்து விதானங்கள் நல்ல சான்று. படத்தையும் சொல்லையும் பட்டையாக அடுக்கிச் செல்லும் இம்முறை, இன்றைய படக்கதை படிப்போருக்கு அயலானதாகத் தோன்றாது.

இவ்வகை ஓவியங்கள் பலவற்றில் ஓவியர் பெயர் கிடையாது. திருவாரூர் தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டபத்தின் முசுகுந்தன் கதை ஓவியங்கள் விதிவிலக்கு. அங்குச் சிங்காதனம் என்னும் ஓவியர் தம் பெயரையும் எழுதி வைத்துள்ளார்.

எண்ணெய்ப் புகை, மழைநீர்க் கசிவு, வௌவால் எச்சம் ஆகியன விதான ஓவியங்களைக் கெடுக்கும் பொதுக் காரணங்கள். இவற்றைவிடப் பெரிய இடர் நல்லெண்ணத்தால் வருவது. குடமுழுக்கு நெருங்கும்போது கோயிலைப் புதிதாகக் காட்ட வேண்டி வெள்ளையடிப்பதும், பழைய கோட்டின் மீது புது எண்ணெய் வண்ணம் பூசுவதும் தமிழ்நாட்டில் எண்ணற்ற ஓவியங்களை அழித்துள்ளன. மங்கிய ஓவியம் கோயிலுக்கு அழகன்று எனக் கருதுவோர் நடுவில், மங்கியதே மூலம் என்பதை விளக்குவது எளிதன்று.

சுவர் எழுத்தும் பதாகையும்

பொதுச்சுவர் ஓவியத்தின் நேரடி முன்னோடி கோயில் விதானம் அன்று, சுவர் எழுத்தே ஆகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழ்நாட்டுச் சுவர்களில் பெரும்பகுதி கட்சிச் சின்னங்களும், தலைவர் உருவங்களும், பல்பொடி, உரம், சிமெண்டு, வேட்டி விளம்பரங்களுமாக இருந்தது. கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் ஒவ்வொரு கடைத்தெருவுக்கும் ஓரிரு ஓவியர்கள் இருந்தனர். பெயர்ப்பலகை, வண்டி எண், கோயில் திருவிழாத் தட்டி, கட்சிச் சுவர் அனைத்தையும் எழுதியவர்கள் அவர்களே. அவர்களுடைய பணியிடம் பெரும்பாலும் ஒரு மிதிவண்டியும் இரண்டு வாளிகளும்தான்.

தேர்தல் காலத்தில் சுவர் பிடித்தல் என்பது ஒரு தனித் தொழில். நல்ல சுவரை முன்கூட்டியே தேர்ந்து, சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்துவிட்டால் அச்சுவர் பிடிக்கப்பட்டதாகும். பின்னர் வருபவர் அதில் கை வைப்பது சண்டைக்கு இடமளிக்கும். வீட்டுக்காரரின் இசைவு சில வேளைகளில் கேட்கப்படும். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தவுடன் அரசுச் சுவர்களில் உள்ளவை வெள்ளையடித்து அழிக்கப்படுகின்றன. சுவர்களை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்க 1959 ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் (அழகு சீர்குலைப்புத் தடுப்பு) சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் அரை நூற்றாண்டு காலம் சுவர் எழுத்து செழித்தே இருந்தது.

பேரளவில் வரையும் திறன் திரைப்படப் பதாகைகளில் வளர்ந்தது. சென்னை அண்ணா சாலையில் நின்ற கையால் வரைந்த பதாகைகளும், ஒட்டுப்பலகையில் வெட்டி நிறுத்திய நடிகர் உருவங்களும் பல மாடி உயரம் உடையவை. ஒரு கண்ணை ஓர் ஓவியரும் மறு கண்ணை மற்றோர் ஓவியரும் வரைந்து, கீழிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே முகத்தில் பொருந்தச் செய்வது அவர்களுடைய அன்றாட வேலை. 1990களின் இறுதியிலிருந்து கணினியில் வடிவமைத்து வினைல் திரையில் அச்சிடும் முறை பரவியது. 'பிளெக்ஸ்' என வழங்கிய அது, சில ஆண்டுகளிலேயே கைவரை பதாகையைச் சந்தையிலிருந்து ஏறக்குறைய அகற்றிவிட்டது. ஓவியர்களில் பலர் வேறு தொழிலுக்குச் சென்றனர். பெயர்ப்பலகை எழுதுவோரின் நிலையும் இதுவே.

சென்னை மாநகராட்சியின் பணி, 2009

2009 ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி, அண்ணா சாலை முதலிய முதன்மைச் சாலைகளில் சுவரொட்டிகளுக்குத் தடை விதித்து, அச்சுவர்களில் ஓவியம் தீட்டச் செய்தது. மு. சுப்பிரமணியன் அப்போது மாநகர மேயராக இருந்தார். மாமல்லபுரம், தஞ்சைப் பெருவுடையார் கோயில், கரகம், சல்லிக்கட்டு, இலக்கியக் காட்சிகள் எனத் தமிழ்ப் பண்பாட்டை விளக்கும் பொருள்களே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டன. வரைந்தவர்களில் பலர் வினைல் அச்சால் தொழில் இழந்த பதாகை ஓவியர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இப்பணியின் நோக்கம் இரண்டு. ஒன்று சுவரொட்டியைத் தடுப்பது, மற்றொன்று நகரை அழகாக்குவது. முதல் நோக்கம் ஓரளவு நிறைவேறியது. ஓவியத்தின் மீது சுவரொட்டி ஒட்டத் தயங்கும் மனம் நம் மக்களிடம் உண்டு. இதே உத்தியைச் சிறுநீர் கழிப்பதைத் தடுக்க விரும்பும் வீட்டுக்காரர்கள் நெடுங்காலமாகவே கையாண்டு வருகின்றனர். விநாயகர், இயேசு, மெக்கா ஆகிய மூன்று படங்களையும் வரிசையாக வைத்த மதில்களை எந்த ஊரிலும் காணலாம். 2014 இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கமும், 2021 இல் தொடங்கிய சிங்காரச் சென்னை 2.0 திட்டமும் சுவரோவியத்தை இவ்வாறே பயன்படுத்தின. இவற்றுள் பெரும்பாலானவை அறிவுரைப் படங்கள். மரம் நடுக, குப்பையைத் தொட்டியில் இடுக என்னும் வாசகங்களைத் தாங்கிய இவற்றில் ஓவியரின் கை தெரிவது அரிது.

கண்ணகி நகர்

கண்ணகி நகர், சென்னையின் தெற்கே ஒக்கியம் துரைப்பாக்கத்தில், பழைய மாமல்லபுரம் சாலைக்கு அருகில் அமைந்துள்ள மறுகுடியமர்வுப் பகுதியாகும். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் (2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) 2000 ஆம் ஆண்டு முதல் இங்குக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலும் நகரின் பிற பகுதிகளிலும் வாழ்ந்து அகற்றப்பட்டவர்களே இவர்கள். அடுத்துள்ள எழில் நகரையும் சேர்த்து 23,000 க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. முதற்கட்டத்தில் கட்டப்பட்டவை 200 சதுர அடிக்கும் குறைவான பரப்புடையவை.

குடியமர்த்தப்பட்டவர்கள் இழந்தது வீட்டை மட்டுமன்று. வீட்டு வேலை, மீன் விற்பனை, சுமை தூக்குதல் போன்ற பிழைப்புகள் பழைய இடத்தைச் சார்ந்தவை. பள்ளியும் மருத்துவமனையும் பேருந்தும் வீடுகளுக்குப் பின்னரே மெல்ல வந்து சேர்ந்தன. இவற்றோடு முகவரியே ஒரு சுமையாயிற்று. கண்ணகி நகர் என்றவுடன் குற்றச் செய்திகளை நினைக்கும் பழக்கம் வெளியாரிடம் வேரூன்றியது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் துரைப்பாக்கம் என மட்டும் எழுதுவதாக நாளிதழ்கள் பலமுறை எழுதியுள்ளன. சிலப்பதிகாரத் தலைவியின் பெயர் தாங்கிய ஊர், அப்பெயரைச் சொல்லத் தயங்கும் நிலைக்கு வந்தது.

2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனம், பெருநகர சென்னை மாநகராட்சி ஆகியன இணைந்து இங்கு ஒரு கலை மாவட்டத்தை உருவாக்கின. 2014 இல் நிறுவப்பட்ட இவ்வறக்கட்டளை, தில்லி லோதி குடியிருப்பில் ஆங்கிலேயர் காலத்து அரசு ஊழியர் வீடுகளின் சுவர்களில் ஓவியங்கள் தீட்டச் செய்து பெயர் பெற்றது. கண்ணகி நகரில் சன்னல்கள் இல்லாத பக்கச் சுவர்கள் ஓவியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. சென்னையைச் சேர்ந்த ஏ-கில், தமிழ்நாட்டில் பிறந்த ஓஷீன் சிவா, எசுப்பானியாவின் அந்தோனியோ மரெஸ்ட் முதலியோர் இங்கு வரைந்தனர். ஏ-கில் அப்பகுதிச் சிறார்களின் முகங்களைச் சுவரளவில் தீட்டினார். மரெஸ்டின் படைப்பு வடிவியல் உருவங்களால் ஆனது. அதே ஆண்டு மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது.

அதே அறக்கட்டளையின் மற்றொரு பணி 2020 இறுதியில் சென்னை இந்திரா நகர் பறக்கும் தொடருந்து நிலையத்தின் முகப்பில் நிறைவுற்றது. ஏ-கில், கத்ரா ஆகியோர் தீட்டிய இவ்வோவியத்தில் எச்.ஐ.வி. தொற்றுடையோரும் பிறருமாகப் பல முகங்கள் உள்ளன. யார் எவர் எனப் பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது. அதுவே அதன் கருத்து.

வரவேற்பும் எதிர்ப்பும்

கண்ணகி நகர் ஓவியங்களை வரவேற்றோர் கூறுவது, முன்பு எவரும் வராத ஊருக்கு வெளியார் ஒளிப்படக் கருவியோடு வருகின்றனர், பிள்ளைகள் தம் கட்டடத்தை ஓவியத்தின் பெயரால் அடையாளம் சொல்கின்றனர் என்பதாகும். சுவரில் இருப்பது தலைவரோ நடிகரோ அல்லர், பக்கத்து வீட்டுப் பிள்ளை. தமிழ்நாட்டுச் சுவர்களின் வரலாற்றில் இது புதிது.

எதிர்ப்போரின் வாதமும் எளிதில் தள்ளத் தக்கதன்று. குடிநீர், கழிவுநீர், வேலை, படிப்பு ஆகியவற்றுக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்த இடத்தில் முதலில் வந்தது வண்ணமா என அவர்கள் கேட்கின்றனர். நகரின் நடுவிலிருந்து ஏழைகளை வெளியேற்றும் கொள்கையை இவ்வண்ணம் மறைப்பதாகவும், வண்ணப்பூச்சு நிறுவனத்துக்கு இது விளம்பரம் எனவும் கூறுகின்றனர். வேடிக்கை பார்க்க வருவோர் குடியிருப்போரைக் கேட்காமல் படமெடுப்பதும் குறையாகச் சொல்லப்படுகிறது.

இவ்விரு தரப்பும் பேசுவது வெவ்வேறு கேள்விகளைப் பற்றி என்பதே உண்மை நிலை. ஓவியம் நன்றா என்பது ஒரு கேள்வி. அவ்வீடுகள் அங்கே கட்டப்பட்டது சரியா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று விடை சொல்வதால் இரண்டாவது மறைந்துவிடாது. குடியிருப்போரைப் பொறுத்தவரை முதன்மையானது, எதை வரைவது என்பதில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு, ஓவியம் மங்கியபின் சுவரைப் பேணுவது யார் என்பனவே. மதிப்பு என்பது சுவரிலிருந்து மட்டும் வருவதன்று என்பதற்கு அண்மைய சான்றும் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் வீராங்கனை இடம்பெற்றார். அவ்வாரம் தமிழ் நாளிதழ்களில் அவ்வூர்ப் பெயர் விளையாட்டுப் பக்கத்தில் வந்தது.

பிற நாடுகளிலும் இத்தகைய கேள்விகள் எழுந்துள்ளன. மெக்சிகோவில் 1920களில் புரட்சிக்குப் பிந்தைய அரசு, எழுத்தறியாத மக்களுக்கு நாட்டு வரலாற்றைச் சொல்ல தியேகோ ரிவேரா, ஒரோசுகோ, சிக்கெய்ரோசு ஆகியோருக்கு அரசுக் கட்டடச் சுவர்களை அளித்தது. இலங்கையில் 2019 நவம்பர் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பின் இளைஞர்கள் நாடெங்கும் தெருச்சுவர்களில் தாமாகவே ஓவியம் தீட்டினர். போர் வெற்றிக் காட்சிகள் அவற்றுள் சில இடங்களில் இடம்பெற்றது, யாருடைய நினைவு சுவரில் இருக்கலாம் என்னும் விவாதத்தை எழுப்பியது.

செய்முறை

முதல் வேலை சுவரைப் பார்ப்பது. விரிசல், நீர்க்கசிவு, பழைய பூச்சின் உதிர்வு ஆகியவற்றைச் சரிசெய்து, தேய்த்துக் கழுவி, பட்டி பார்த்து, அடிப்பூச்சு கொடுப்பர். பின் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன் வண்ணம் தீட்டப்படுகிறது. நிழல், மெல்லிய நிறமாற்றம் ஆகியவற்றுக்குத் தெளிப்புக் குப்பிகளும் பயன்படுகின்றன. பழைய சுவர் எழுத்தாளர்கள் சுண்ணாம்புத் தளத்தின் மீது வண்ணப்பொடியைப் பசையோடு கலந்து எழுதினர். அது இரண்டு மழைக்குத் தாங்கினால் போதும் என்பது கணக்கு.

உயரத்திற்குச் சாரம் கட்டுவது வழக்கம். கடலூர் மாவட்டக் கடலோர ஊர்களில் பெருமளவில் பயிராகும் சவுக்கே தமிழ்நாட்டில் சாரத்திற்குப் பயன்படும் முதன்மை மரம். ஆனால் சாரம் கட்டினால் ஓவியர் தம் படத்தை முழுமையாகப் பார்க்க முடியாது. இதனால் பெரிய பணிகளில் இயந்திரத் தூக்கிகளையோ, மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் தொங்கும் ஊஞ்சல் மேடையையோ பயன்படுத்துகின்றனர்.

சிறு வரைபடத்தைச் சுவருக்குப் பெயர்ப்பதே நுட்பத்தின் மையம். பதாகை ஓவியர்களின் முறை கட்டம் போடுதல். ஒளிப்படத்தில் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் இரண்டடிக் கட்டம் எனக் கொண்டு ஒவ்வொரு கட்டமாக வரைவர். இரவில் ஒளிவீழ்த்தியால் படத்தைச் சுவரில் விழச் செய்து கோடு இழுப்பது மற்றொரு முறை. எதிரே போதிய இடைவெளி இல்லாத குடியிருப்புத் தெருக்களில் அது இயலாது. அண்மைக் காலத்தில் கையாளப்படும் வேறொரு முறை கணினித் துறையினருக்குச் சுவையானது. ஓவியர் வெற்றுச் சுவர் முழுவதும் எழுத்து, சுழி, குறி எனக் கிறுக்கி வைப்பார். அச்சுவரை ஒளிப்படம் எடுத்து, அதன் மீது தம் வரைபடத்தை மென்பொருளில் படியவைப்பார். மூக்கின் நுனி எந்தச் சுழியின் இடப்பக்கம் வருகிறது என்பதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே வரையலாம். கட்டத்தை எண்ண வேண்டியதில்லை. ஒரே மாதிரியான நூறு கட்டங்களில் வழி தவறுவது எளிது, ஒவ்வொன்றும் வேறுபட்ட கிறுக்கல்களில் வழி தவறுவது அரிது.

அழிவும் பராமரிப்பும்

வெயிலின் புற ஊதாக்கதிர் நிறங்களை வெளிறச் செய்கிறது. சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் முதலில் மங்கும். கடலோர ஊர்களில் இதைவிடக் கொடியது உப்பு. காற்றில் வரும் உப்பும், தரையிலிருந்து ஏறும் ஈரத்தில் கரைந்து வரும் உப்பும் பூச்சின் அடியில் படிகமாகி அதனைத் தள்ளுகின்றன. கொத்தனார்கள் இதனை உப்புப் பூத்தல் என்பர். மேலே எவ்வளவு விலையுயர்ந்த வண்ணம் பூசினாலும், சுவர் உள்ளே ஈரமாக இருந்தால் ஓவியம் பொரிந்து உதிர்ந்துவிடும். கடலூரில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சுவர் நன்றாகக் காய்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூர், புதுச்சேரி இடையே கரையைக் கடந்த தானே புயல், 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம் போன்ற நிகழ்வுகளுக்குப் பின் மதில்களே மீண்டும் கட்டப்பட வேண்டியிருந்தன. இவ்வட்டாரத்தில் ஓவியப் பணி தை மாதத்திற்குப் பின் தொடங்குவதே நன்று.

சுண்ணாம்புக் காரையில் தீட்டிய பழைய ஓவியங்கள் நூற்றாண்டுகள் தாங்கியதற்கும் அக்ரிலிக் ஓவியங்கள் சில ஆண்டுகளில் மங்குவதற்கும் வண்ணம் மட்டும் காரணம் அன்று. சிதம்பரத்து விதானம் வெயிலும் மழையும் நேரே படாத இடம். கண்ணகி நகர்ச் சுவர் நாள் முழுதும் வெயிலில் நிற்கிறது. மேலும் சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அடர்ந்த அக்ரிலிக் பூச்சில் அது எளிதாக வெளியேறாது.

சட்டமும் உரிமையும்

சுவருக்கு உரிமையாளர் ஒருவர், ஓவியத்திற்கு ஆக்கியவர் ஒருவர். இவ்விருவருக்கும் முரண் எழும்போது என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் முதன்மையான தீர்ப்பு அமர்நாத் சேகல் வழக்கில் கிடைத்தது. தில்லி விஞ்ஞான் பவனில் சேகல் அமைத்த வெண்கலச் சுவர்ப் படைப்பு, 1979 இல் அவரைக் கேளாமல் பெயர்க்கப்பட்டுச் சேதமுற்றது. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57 ஆம் பிரிவு ஆக்கியவருக்கு வழங்கும் தனி உரிமையின்படி, எஞ்சியவற்றைத் திருப்பித் தரவும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் தில்லி உயர்நீதிமன்றம் 2005 இல் ஆணையிட்டது. அரசே வாங்கிய படைப்பாயினும் அதனைச் சிதைக்கும் உரிமை அரசுக்கு இல்லை என்பது இதன் சாரம். தெருச்சுவரில் வரைந்த ஓவியர் ஒருவர் வெள்ளையடிப்பை எதிர்த்து இத்தீர்ப்பைத் துணைக்கொள்ள முடியுமா என்பது ஒப்பந்தத்தையும் வழக்கின் சூழலையும் பொறுத்தது.

ஒளிப்படம் எடுப்போர் அறிய வேண்டிய மற்றொரு கூறும் உண்டு. பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பத்தை ஒளிப்படமெடுத்து வெளியிட இச்சட்டத்தின் 52 ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அவ்விலக்கு கட்டடங்களுக்கும் உண்டு, சுவரோவியத்திற்கு இல்லை. ஆகவே சிதம்பரம் விதான ஓவியத்தின் படத்தை எவரும் வெளியிடப் பதிப்புரிமைத் தடை இல்லை. அதனைத் தீட்டியவர் மறைந்து மூன்று நூற்றாண்டுகள் ஆகின்றன. கண்ணகி நகர் ஓவியத்தின் படத்தைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட வேண்டுமாயின் ஓவியரின் இசைவு தேவை.